குனிந்து நிற்கச் சொன்னேன்

என்னிடம் உள்ள ஒரு புகைப்படத்தை நான் யாருக்கும் காட்டுவதில்லை.

தொண்ணூறுகளில் கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆபீஸ் நடத்திக்கொண்டு, ஒரு சேவைச் சங்கத்துக்குச் செயலாளராகவும் இருந்தேன். பசுவந்தனைப் பக்கம் உளுந்துப் புஞ்சையில் ஆடு மேய்ந்துவிட, இருவர் அரிவாள் தூக்கும் அளவுக்குப் போய்விட்டார்கள். சமாதானம் பேசச் சங்கத்துப் பேனரோடு போனோம்.

வெகுநேரம் பேசிய பிறகு, ஆட்டுக்காரர் மாடசாமி தானாக எழுந்து புஞ்சைக்காரரின் கையைப் பிடித்தார். "தப்புதான் அண்ணாச்சி, மனசுல வச்சுக்கிடாதீங்க." அவரும் அந்தக் கையை விடவில்லை.

எங்கள் போட்டோகிராபர் அப்போது பிலிம் மாற்றிக்கொண்டிருந்தார். எனக்கு எரிச்சல்.

"இன்னொரு தடவ கையக் குடுங்க. பேனர் தெரியணும். மாடசாமி, நீரு கொஞ்சம் குனிஞ்சு நில்லும்" என்றேன்.

மாடசாமி என்னைப் பார்த்தார். "அவியகிட்ட மன்னிப்புக் கேட்டாச்சு. ஒங்க போட்டாவுக்கும் கேக்கணுமா அண்ணாச்சி?"

உடனே புஞ்சைக்காரரும் எழுந்தார். "வாரும்வே மாடசாமி, நாம போவோம்."

இருவரும் சேர்ந்தே போய்விட்டார்கள். வந்ததற்கு ஒரு படமாவது வேண்டுமென்று பேனருக்கு முன்னால் நாங்களே நின்று எடுத்துக்கொண்டோம்.

அன்று குனிந்து நிற்க வேண்டியவன் அந்தப் படத்தில் நிமிர்ந்து நிற்கிறேன், நடுவில், சிரித்துக்கொண்டு.