கரண்டு வைத்த மார்பு

இண்டூர் தீர்த்தம்மாளுக்கு இடது மார்பில் கட்டி வந்தது 1962இல். அப்போது அவளுக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. மெட்ராஸில் ஒரு ஆஸ்பத்திரியில் மார்பை எடுத்துவிட்டு, நோய் மிச்சம் இருக்கக் கூடாதென்று கரண்டு வைத்தார்கள். கதிர் சிகிச்சைக்கு ஊரில் அதுதான் பேர். தோல் கருகி, உரிந்து, பிறகு காய்ந்த மாட்டுத்தோல் மாதிரி விறைத்துப்போனது.

பிழைக்க மாட்டாள் என்று ஊர் பேசியது. அவளோ களை வெட்டினாள், கடலை பிடுங்கினாள், மகள் காவேரியை அரூரில் கட்டிக் கொடுத்தாள். யாருக்காவது மார்பில் கட்டி என்றால் அவளிடம்தான் வருவார்கள். தழும்பைக் காட்டிச் சொல்வாள்: "பாரு, நான் உசுரோட இல்லையா? பயப்படாமப் போ."

1973இல் அடுத்த தெரு குள்ளம்மாளை அவளே மெட்ராஸுக்குக் கூட்டிப்போனாள். அறுவை முடிந்தது. ரணம் ஆறியதும் கரண்டுக்கு வரச் சொல்லி அனுப்பினார்கள்.

அதற்குள் தீர்த்தம்மாளின் கருகிய தோலில் நாவல்பழ நிறத்தில் ஒரு தடிப்பு கிளம்பியது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே முட்டையளவு ஆனது. "பழசு திரும்பிடுச்சு" என்று கணவன் மாயவன் இடிந்து உட்கார்ந்தான்.

மெட்ராஸில் சதை எடுத்துப் பரிசோதித்த டாக்டரம்மா எதையும் மறைக்கவில்லை.

"இது பழைய நோய் இல்லம்மா, வேற புற்று. கரண்டு வெச்ச எடத்துல, வருஷக்கணக்கா கழிச்சு, ரொம்ப அபூர்வமா இப்படி வரும்."

"வைத்தியமே நோவு குடுத்துடுச்சுங்களா?"

"ஆமாம்மா."

"வெக்காம இருந்திருந்தா?"

"பழசு அப்பவே திரும்பியிருக்கலாம். உறுதியாச் சொல்ல முடியாது."

புற்று விலா எலும்பைத் தாண்டி இறங்கியிருந்தது. வெட்டியெடுக்க வழியில்லை.

சேதி கேட்டுக் குள்ளம்மாள் வந்தாள். "எனக்குக் கரண்டு வேணாங்க்கா. உங்க கதிதான் எனக்கும்."

தீர்த்தம்மாள், இவளைக் கூட்டிப்போனதே தப்போ என்று சோறு இறங்காமல் கிடந்தாள். பிறகு ஒருநாள், வீங்கிப்போன இடது கையைத் தூக்கிப் பிடித்தபடி, மாயவன் துணையோடு குள்ளம்மாள் வீட்டுக்கு நடந்தாள்.

"எனக்கு வந்தது உனக்கு வராதுன்னு சொல்ல மாட்டேன். ஆனா எனக்குப் பத்து வருசம் கெடச்சுது. என் புள்ளய நானே வளத்துக் கட்டிக் குடுத்தேன். உன் புள்ள இன்னும் பாவாடையக்கூட ஒழுங்கா கட்டத் தெரியாம திரியுது. போடி, போய்ட்டு வா."

குள்ளம்மாள் மறுவாரம் புருஷனோடு மெட்ராஸ் போனாள்.

தீர்த்தம்மாளின் கட்டி உடைந்து புண்ணானது. காவேரி வந்திருந்து துணி மாற்றினாள். மாத்திரைக்கு வலி அடங்கவில்லை. வலி முற்றும்போது தீர்த்தம்மாள் கரண்டைத் திட்டினாள், டாக்டரம்மாவைத் திட்டினாள், குள்ளம்மாளைப் போகச் சொன்ன தன் வாயையும் திட்டினாள். வலி தணிந்த வேளைகளில், "அவ முடிச்சுட்டாளா?" என்று கேட்பாள்.

முடித்துத் திரும்பியிருந்த குள்ளம்மாள் அந்த வீட்டுப் பக்கமே வரவில்லை.

மார்கழியில் தீர்த்தம்மாள் இறந்தாள். அன்றைக்குக் குள்ளம்மாள் வந்தாள். முகம் பார்க்க உள்ளே போகவில்லை. பெண்களோடு சேர்ந்து அழவும் இல்லை. கரண்டு வைத்த தன் மார்பின்மேல் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு வேலியோரம் நின்றவள், பிணம் எடுக்கும் முன்பே போய்விட்டாள்.