படிக்காமல் விட்ட சீட்டு

என் மேசை டிராயரில் ஒரு பில் இருக்கிறது. ரோஸ் நிறத் தாள், உள்ளங்கை அகலம். மேலே ஒரு செருப்புக் கடையின் பெயர் அச்சாகியிருக்கிறது. அதன் கீழே ‘ஹவாய் வார் - 1’ என்று பால்பாயிண்ட் பேனாவில் எழுதியிருக்கிறது. திருப்பினால் பின்பக்கம் மூன்று வரிகள். அந்த மூன்று வரிகளையும் மைக்கில் படிக்க வேண்டியது என் வேலை. நான் படிக்கவில்லை. ஒரு மாலைக்கு எழுபது எண்பது சீட்டுகளை மூச்சு வாங்காமல் படித்த வாய் இது. ‘வாயுள்ள பிள்ளை பிழைக்கும்’ என்று சொல்லிச் சொல்லியே என் அம்மா என்னை வளர்த்தாள். பிழைத்தேன்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்த ஒரு சீட்டை மட்டும் ஏன் விழுங்கினாய் என்று யாராவது கேட்டால் இன்றைக்கும் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

எண்பதுகளின் நடுவில் நான் அம்பத்தூரில் ஒரு தொழிற்சாலை ஸ்டோரில் குமாஸ்தா. பகலெல்லாம் நட்டு, போல்ட்டு. சாயங்காலமானால் பூந்தமல்லி மெல்லிசைக் குழு ஒன்றின் அறிவிப்பாளன். குழு என்றால் பெரிய ஆர்க்கெஸ்ட்ரா என்று நினைத்துவிடாதீர்கள். ஆவடியில் ஷிப்டு வேலை பார்த்துக்கொண்டே ஆர்மோனியம் வாசித்த மாஸ்டர், காட்டுப்பாக்கத்திலிருந்து பஸ் ஏறி வந்து பாடும் ஆரம்பப் பள்ளி டீச்சர், தபலாவுக்கு ஒருவர், பாங்கோவுக்கு ஒருவர், பிறகு என் வாய். கல்யாண வரவேற்பு கிடைத்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

அந்தச் சமயத்தில்தான் பூந்தமல்லிக் கடைத்தெரு படுத்துவிட்டது. ஊருக்கு வெளியே பைபாஸ் ரோடு போட்டார்கள். காஞ்சிபுரம் பக்கமிருந்து வரும் பஸ்களெல்லாம் ஊருக்குள் தலைகாட்டாமல் நேராகப் பறந்தன. பஸ் மாற இறங்கி, நின்ற நேரத்தில் ஒரு தாம்புக்கயிறோ ஒரு பாவாடைத் துணியோ வாங்கிப் போன ஜனங்கள் வருவது நின்று போயிற்று. ஆறு மணிக்கே பாதிக் கடைகள் பலகை போட்டன. பாத்திரக் கடைக்காரர் ஒரு மாதம் முழுக்க ஈ ஓட்டிவிட்டுத் திருவள்ளூருக்கே மாறிப் போனார். தெருவை நிமிர்த்த வேண்டும் என்று எல்லோரும் பேசினார்கள். காரியத்தில் இறங்கியது ஒரே ஆள், செருப்புக் கடை பாய்.

பாய்க்கு அப்போது ஐம்பது வயது இருக்கும். ஒல்லி உடம்பு, முழங்கை வரை மடித்த சட்டை, காதில் எப்போதும் ஒரு பேனா. மூன்று கடைகள் ஒட்டிய ஒரு பழைய கட்டடத்தில் நடுக்கடை அவருடையது. ஒருநாள் மாஸ்டர் வார் மாற்றப் போனபோது, அவரை ஸ்டூலில் உட்கார வைத்துக் கேட்டிருக்கிறார்: “ஏன் மாஸ்டர், கல்யாணத்துக்கு வாசிக்கிறீங்க. எங்க தெருவு சாவக் கெடக்குது, அதுக்கு வந்து வாசிக்க மாட்டீங்களா?” மாஸ்டர் அதை எங்களிடம் வந்து சொன்னபோது சிரித்தோம். அடுத்த வாரமே போனோம்.

சனிக்கிழமை சாயங்காலம் என்று முடிவு செய்தது பாய்தான். “ஞாயித்துக்கெழம டி.வி.ல படம் போடுவான். எவன் நைனா ஊட்ட உட்டு வருவான்?” என்றார். டீக்கடை பெஞ்சு நான்கு, மரவாடிப் பலகை ஆறு, அதுதான் மேடை. முதல் நாள் கூட்டம் பதினோரு பேர், ஒரு மாடு. நான் என்னவோ மைதானமே நிறைந்து வழிவது போல ‘பெருந்திரளாகக் கூடியிருக்கும் ரசிகப் பெருமக்களே’ என்று ஆரம்பித்தேன். மாடுகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. மூன்றாவது பாட்டில் கரண்டு போய்விட்டது. மைக் செத்தது, விளக்கு செத்தது. போச்சுடா என்று நான் நோட்டை மூடினேன். மாஸ்டர் ஆர்மோனியத்தை நிறுத்தவில்லை. டீச்சரும் நிறுத்தவில்லை. மைக் இல்லாமல், வகுப்பில் கடைசி பெஞ்சுக்கும் கேட்கும்படி பேசிப் பழகிய குரலில் அந்த மெதுவான பாட்டை முழுவதும் பாடினார். கல்லாவை விட்டு அசையாத கடைக்காரர்கள் ஒவ்வொருவராக அரிக்கேன் விளக்கைத் தூக்கிக்கொண்டு தெருவில் இறங்கி வந்து நின்றார்கள். பாட்டு முடிந்தபோது தெருவில் நாற்பது ஐம்பது பேர் இருந்தார்கள். பாய் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். வியர்வை என்றார். அன்று அப்படி ஒன்றும் புழுக்கம் இல்லை. அதற்குப் பிறகு எங்களுக்குள் அது ‘கரண்டு போன பாட்டு’ ஆகிவிட்டது.

கூட்டம் சேர்ந்தது. வியாபாரம் சேரவில்லை. பாட்டைக் கேட்டுவிட்டு பஸ் ஏறிப் போகிறார்கள் என்று கடைக்காரர்கள் முணுமுணுத்தார்கள். நான் தலைகளை எண்ணிப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். பாய் என் தோளில் தட்டினார். “நீ இன்னாத்துக்கு தலைய எண்ணிகினு கீறே? காலப் பாரு. எந்தக் காலாவது கடைப் பக்கம் திரும்பிகீதா? அல்லாம் பஸ் ஸ்டாப்பப் பாத்துக்கினு கீது.” முப்பது வருஷம் குனிந்து மனிதர்களின் கால்களைப் பார்த்தே பிழைத்தவர். பார்த்தேன். அவர் சொன்னது சரி.

அடுத்த சனிக்கிழமையே சட்டம் போட்டார். நேயர் விருப்பம் வேண்டுமா? இந்தத் தெருவில் ஏதாவது ஒரு கடையில் எதையாவது வாங்கு. அந்தப் பில்லின் பின்னால் பாட்டையும் பேரையும் ஊரையும் எழுதி, மேடை ஓரத்தில் வைத்திருக்கும் அட்டைப் பெட்டியில் போடு. அது அவர் கடையின் காலிச் செருப்புப் பெட்டி. “பில்லு கீதா? பாட்டு கீது. பில்லு இல்லியா? கேட்டுக்கினு போ” என்று அவரே மைக்கைப் பிடுங்கிச் சொன்னார். ஜனங்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள், சிரித்துக்கொண்டே வாங்கவும் செய்தார்கள். பிறவியிலேயே பில் போட்டறியாத வெல்ல மண்டிக்காரர்கூட பில் புக் அச்சடித்தார். நாலணா ஊக்குக்கும் பில் கேட்டார்கள். கரையான்சாவடியிலிருந்தும் குத்தம்பாக்கத்திலிருந்தும் குடும்பம் குடும்பமாக வந்தார்கள். தங்கள் பேர் தெருவெல்லாம் ஒலிபெருக்கியில் கேட்பதற்கு மனிதன் என்னதான் வாங்க மாட்டான்! நான் பேர், ஊர், பாட்டு மூன்றையும் ஏற்ற இறக்கத்தோடு படிப்பேன். படித்து முடித்ததும் மைக்கை விட்டு ஓர் அடி பின்னால் நகர்ந்து நிற்பேன். அந்த ஓர் அடிதான் மாஸ்டருக்கு நான் காட்டும் சைகை. பாட்டு தொடங்கும். பாங்கு சொல்லும் நேரத்தில் பாய் ஒரு விரலைத் தூக்குவார், நிறுத்திவிட்டு டீ குடிப்போம். அவர் தொழுதுவிட்டு வந்ததும் மறுபடி ஆரம்பிப்போம்.

ஒரு சனிக்கிழமை, நெல் அவிக்கும் வேலைக்குப் போகும் ஓர் அம்மாள் கோடு போட்ட நோட்டுத் தாளில் எழுதிக் கொடுத்தாள். கல்யாணமாகிப் போகிற மகளுக்காக ஒரு பாட்டு. பில் இல்லை. இரக்கப்பட்டுப் படிக்கப் போனேன். பாய் கையைப் பிடித்துக்கொண்டார். “ஒர்த்தருக்கு உட்டா ரூலு போச்சு நைனா. நாளைக்கு அல்லாரும் வெறுந் தாள்ல எழுதுவான்.” எனக்குக் கோபம். கல் நெஞ்சுக்காரர் என்று மனசுக்குள் திட்டினேன். மனிதர் பக்கத்து வளையல் கடைக்கு விறுவிறுவென்று போனார், ஒரு அட்டை ஊக்கு வாங்கினார், அந்தப் பில்லின் பின்னால் அந்த அம்மாளின் வரிகளை அப்படியே எழுதி என் கையில் வைத்தார். ஊக்கை அவளிடம் கொடுத்து, “பொண்ணுக்குச் சீரு” என்றார். அவள் கும்பிட்டாள். ரூலும் பிழைத்தது, பாட்டும் பிழைத்தது.

“உங்களுக்கு எந்தப் பாட்டு பாய்? இத்தனை வருஷத்தில் ஒன்றுகூடக் கேட்கவில்லையே?” என்று டீச்சர் ஒருமுறை கேட்டார். “பந்தி வெக்கிறவன் மொதல்ல ஒக்காரலாமா டீச்சரம்மா? வேல இல்லாத அன்னிக்குக் கேக்குறேன்” என்றார்.

அந்த நாள் இப்படியா வர வேண்டும்! தெரு நிமிர்ந்தது. நிமிர்ந்த தெருவின் மேல் எல்லோருடைய கண்ணும் விழுந்தது. பட்டணத்திலிருந்து ஒரு பெரிய ஜவுளிக் கடை வந்து, பாயின் கடை இருந்த கட்டடத்தையே விலைக்கு வாங்கிவிட்டது. மூன்று கடைகளையும் இடித்து ஒன்றாக்கிக் கண்ணாடிக் கதவு போட்டார்கள். பாய் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. நான்தான் குதித்தேன். “உடு நைனா. தெருவு பொழைக்கணும்னு தானே கேட்டோம்? பொழச்சிக்கிச்சி” என்றார். குத்தம்பாக்கத்தில் மகள் வீட்டுக்குப் போய், வாசலில் கோணி விரித்து ரப்பர் செருப்பு விற்பதாகக் கேள்விப்பட்டோம். போய்ப் பார்க்க வேண்டும் என்று ஒவ்வொரு வாரமும் சொன்னோம். போகவில்லை.

தீபாவளிக்கு முந்தைய சனிக்கிழமை, ஜவுளிக் கடையே செலவு செய்து கச்சேரி வைத்தது. நிஜ மேடை, சீரியல் விளக்கு, எனக்கு கோட்டு வேறு. மேனேஜர் என்னைத் தனியே கூப்பிட்டு, “இன்னிக்கு நம்ம கடை பில்லு மட்டும் படிங்க சார்” என்றார். ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டி ஊரெல்லாம் போடும் விளம்பர கேசட்டுக்கு என் குரலைத்தான் பதிவு செய்யப் போகிறார்கள் என்றும் சொன்னார். ஆவடி முதல் போரூர் வரை என் குரல்! எனக்கு அது வேண்டும். மறைக்க என்ன இருக்கிறது, வெறி பிடித்த மாதிரி வேண்டியிருந்தது. தலையை ஆட்டினேன்.

பெட்டி மட்டும் பழைய செருப்புப் பெட்டிதான். ஏழு மணி வாக்கில் அதில் கைவிட்டபோது ரோஸ் தாள் வந்தது. பார்த்ததுமே தெரிந்துவிட்டது. பாயின் கையெழுத்தும் தெரியும், பில் புக்கும் தெரியும். நிமிர்ந்து பார்த்தேன். கூட்டத்தின் கடைசியில், பஸ் ஸ்டாப் பக்கம், விளக்குக் கம்பத்தை ஒட்டி நின்றிருந்தார். மேனேஜர் என் பக்கத்து நாற்காலியில். நான் தாளை மடித்து கோட்டுப் பையில் போட்டேன். அடுத்த வாரம் படித்துக்கொள்ளலாம் என்று மனசுக்குச் சொன்னேன். டீச்சரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் மைக்கே இல்லாமல் பாடியிருப்பார். அதனால்தான் சொல்லவில்லை.

கச்சேரி முடிந்ததும் அவரே மேடைக்கு வந்தார். என்ன கேட்கப் போகிறாரோ என்று கோட்டுப் பையைக் கையால் மூடிக்கொண்டேன். “இன்னா நைனா, கோட்டு சோக்கா கீது” என்றார். “பாய், உங்க சீட்டு...” என்று இழுத்தேன். “அத்த உடு. கடையே இல்லாத பில்லு செல்லுமா? ரூலு நான் போட்டது தானே” என்று சிரித்தார். பிறகு கண்ணாடிக் கதவைக் காட்டினார். “பாத்தியா, ஒரு காலு கூட பஸ் ஸ்டாப் பக்கம் திரும்பல.” நான் அவருடைய காலைப் பார்த்தேன். ஹவாய் செருப்பு, இடது காலில் பழைய நீல வார், வலது காலில் புது வெள்ளை வார். தான் போட்ட ரூலை மதித்து, தனக்கே ஒரு வாரை விற்று, தனக்கே பில் போட்டு எடுத்து வந்திருக்கிறார் மனிதர். குத்தம்பாக்கம் பஸ் வந்தது. போய்விட்டார்.

அந்த அடுத்த வாரம் வரவேயில்லை. தீபாவளியோடு ஜவுளிக் கடை கச்சேரியை நிறுத்திக்கொண்டது. கூட்டம்தான் தானாக வருகிறதே, பாட்டு எதற்கு? கேசட்டுக்கு வேறு ஒரு குரலை எடுத்துக்கொண்டார்கள். பொங்கலுக்கு முன்னால் மாஸ்டர் என் வீட்டுக்கு வந்து, பாய் மௌத்தாகிவிட்டார் என்றார். மாரடைப்பாம். குத்தம்பாக்கத்துக்குப் போனோம். மாஸ்டர் அழுதார், டீச்சர் அழுதார். எனக்கு அழ யோக்கியதை இல்லை என்று தோன்றியது. வீட்டுக்கு வந்து, கோட்டுப் பையில் அந்தத் தாளைத் தேடி எடுத்து, வாயில் துண்டை அடைத்துக்கொண்டு அழுதேன். பத்தடி தூரத்தில் ஜவுளிக் கடையின் கல்லா இருந்தது. அங்கேயே ஒரு கைக்குட்டை வாங்கியிருக்கலாம். அந்தப் பில்லின் பின்னால் அவருடைய மூன்று வரிகளை எழுதியிருந்தால் எந்த மேனேஜர் என்னைக் கேட்டிருப்பான்? எப்படிச் செய்ய வேண்டும் என்று அந்த அட்டை ஊக்கை வாங்கி அவரே எனக்குக் காட்டியிருந்தார். எனக்கு அது தோன்றவேயில்லை.

மாஸ்டர் இப்போது இல்லை. டீச்சர் மகனோடு வடக்கே எங்கோ இருக்கிறார். சென்ற மாதம் கடைத்தெருவுக்குப் போனேன். ஜவுளிக் கடையும் போய், அந்த இடத்தில் செல்போன் விற்கிறார்கள். பக்கத்தில் ஒரு ஃபேன்சி ஸ்டோரில் ஒரு அட்டை ஊக்கு வாங்கி, பில் கேட்டேன். “பத்து ரூபா ஊக்குக்கு பில்லா அங்கிள்?” என்று அந்தப் பெண் சிரித்தாள். கெஞ்சியதும் ஒரு துண்டுத் தாளில் கடை முத்திரையைக் குத்தி, ‘ஊக்கு - 1’ என்று எழுதிக் கொடுத்தாள். கல்லா மேலேயே வைத்து, ரோஸ் தாளைப் பார்த்து, பின்பக்கம் எழுதினேன். பழைய மேடை இருந்த இடத்தில், ஆட்டோக்களுக்கு நடுவில் போய் நின்றேன். தொண்டை கட்டிப் போய் வருஷமாயிற்று. இருந்தாலும் படித்தேன், வாய்விட்டே படித்தேன்.

“பாட்டு: கரண்டு போன அன்னிக்கு டீச்சரம்மா பாடினது. விரும்பிக் கேட்பவர்: செருப்புக் கடை பாய். ஊர்: கடைத்தெரு.”

படித்துவிட்டு, பழக்கம் விடவில்லை, ஓர் அடி பின்னால் நகர்ந்து நின்றேன்.