தேடும் பணி தொடர்கிறது

கடலோரக் காவல் படையில் மாப்பிள்ளை என்றதும் எங்கள் சொந்தக்காரர்களுக்கு ஒரே சிரிப்பு. வைகையில் தண்ணீர் வந்தாலே வேடிக்கை பார்க்கப் பாலத்துக்கு ஓடுகிற ஜனம் நாங்கள். அவரோ அலங்காநல்லூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பம்; வேலையில் சேரும்வரை கடலைக் கண்ணால் பார்த்ததில்லை. "காளைக்கு முன்னாடி நிக்கிறவனுக்குக் கப்பல்ல என்ன சோலி?" என்று கேட்காத ஆளில்லை. எனக்கு அந்த வெள்ளைச் சீருடை பிடித்திருந்தது. அதைப் போட்டுக்கொண்டு அவர் என்ன செய்கிறார் என்று சத்தியமாகத் தெரியாது.

எண்பதுகளின் நடுவில், தலைப்பிரசவத்துக்காகக் கே.கே. நகரில் அம்மா வீட்டுக்கு வந்திருந்தேன். ரத்த அழுத்தம் ஏறிக்கொண்டே போனது. டாக்டரம்மா என் முகத்தைப் பார்க்காமல் அம்மாவிடம், "வீட்டுக்காரரை வரச் சொல்லிருங்க" என்றார். அந்த வார்த்தைதான் என்னைப் பயமுறுத்தியது. அன்று சாயங்காலமே பக்கத்து வீட்டு போனுக்கு அவரிடமிருந்து டிரங்க்கால். டாக்டர் சொன்னதை அழுதுகொண்டே சொன்னேன்.

"புயல்ல ஒரு மீன்பிடிப் படகக் காணோம்மா. தேடக் கப்பல் கிளம்பப்போகுது. ஆளு கெடைச்சதும் லீவு போட்டு வாரேன்."

"கெடைக்கலேன்னா?"

"நிறுத்தச் சொல்லிருவாங்க. அப்பவும் வந்துருவேன்."

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் அப்படியே ஒப்பித்தேன். அம்மா நேராகச் சாமி படத்துக்கு முன்னால் போய் மஞ்சள் துணியில் ஒரு காசை முடிந்தாள். "ஆத்தா மாரியாத்தா, இந்தத் தேடுற சோலி சட்டுப்புட்டுனு முடியணும். எம்மக பிள்ள பெறும்போது மாப்ள பக்கத்துல இருக்கணும். வண்டியூருக்கு வந்து மாவெளக்கு போடுறேன்." அந்த வேண்டுதலில் எனக்கு ஒரு தப்பும் தெரியவில்லை. நானும் பக்கத்தில் நின்று கும்பிட்டேன்.

காணாமல்போன மீனவர்களைத் தேடும் பணி தொடர்கிறது என்று ரேடியோ செய்தியில் தினமும் சொன்னார்கள். "இன்னுமா?" என்று அம்மா ரேடியோவின் காதைத் திருகி அணைப்பாள். ஊரான் வீட்டுப் பிள்ளைகளைத் தேடுகிறவருக்குத் தன் பிள்ளை பிறப்பது பெரிதில்லை என்று நான் பொருமினேன். கடைசியில் வயிற்றைக் கிழித்துத்தான் மகனை எடுத்தார்கள். ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போட்டவர் என் அப்பா.

மறுநாள் ஆஸ்பத்திரிக்கு அவர் வந்தார். முகத்தில் தோல் உரிந்து, கண் மிளகாய்ப்பழமாகச் சிவந்திருந்தது. தையல் இழுக்க இழுக்கச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். அவ்வளவு கோபம்.

அம்மாதான் காப்பியை ஆற்றிக் கொடுத்துவிட்டு ஆரம்பித்தாள். "அப்படி என்ன மாப்ள தேடுனீக, இம்புட்டு நாளா?"

"வயல்ல உழவு ஓட்டுற மாதிரிதான் அத்தை. போய்த் திரும்பி, போய்த் திரும்பி, கடலச் சால் சாலா ஓட்டணும். ஆனா இந்த வயலு நின்ன எடத்துல நிக்காது, நீரோட்டம் இழுத்துக்கிட்டே போகும். தண்ணிக்குள்ள மனுசன் தலை ஒரு தேங்கா அம்புட்டுத்தான் தெரியும்."

"கெடைச்சாகளா?"

"முந்தாநா சாயங்காலத்தோட நிறுத்திட்டுத் திரும்பச் சொல்லிட்டாங்க. எங்க கப்பல் அதிகாரிதான், காலையில ஒரே ஒரு தடவ ஓட்டிப் பாத்துட்டு வாரோம்னு வயர்லெஸ்ல கெஞ்சிக் கேட்டு வாங்குனாரு. அந்தக் காலையிலதான் கண்டோம். கவுந்த படகப் புடிச்சுக்கிட்டு மூணு பேரு. நாலாவது ஆளக் காணோம்." காப்பியைக் கீழே வைத்துவிட்டுக் கையை நீட்டினார். மணிக்கட்டைச் சுற்றி ரத்தம் கட்டியிருந்தது. "தூக்குனப்ப ஒருத்தரு புடிச்ச புடி. மேல ஏத்துன பெறகும் விடல."

எப்போது அவர் பக்கம் திரும்பினேன் என்று தெரியவில்லை. அந்தச் சாயங்காலமே கப்பல் திரும்பியிருந்தால் அவர் பிரசவத்துக்கு வந்து சேர்ந்திருப்பார். அம்மா முடிந்து வைத்த காசுக்கு ஆத்தா கேட்டதைக் கொடுத்திருப்பாள். கடற்கரையில் எங்கோ நாலு வீடுகளில் இதே ரேடியோவுக்கு முன்னால் பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள். எங்களைக் கடுப்பேற்றிய அதே வாக்கியம் அவர்களுக்கு அன்றன்றைக்கு உயிர். அதை வாசிக்காத நாள் வந்துவிடக் கூடாதென்று அவர்களும் ஏதோ ஒரு சாமிக்கு நேர்ந்திருப்பார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது. மூணு பேர் பிழைத்தது சந்தோஷமாக இருந்தது; நாலாவது வீட்டை நினைத்ததும் அந்தச் சந்தோஷம் நிற்கவில்லை. அம்மா காலி டம்ளரைக் கழுவ எடுத்துக்கொண்டு போனாள்.

தீட்டுக் கழிந்த முதல் வெள்ளிக்கிழமை, அம்மா பச்சரிசியை ஊறவைத்து உரலில் இடித்துக்கொண்டிருந்தாள். எதற்கு என்று கேட்டேன்.

"வண்டியூருக்கு மாவெளக்கு."

"நீ நேர்ந்துக்கிட்டது நடக்கலையேம்மா."

உலக்கை நிற்கவில்லை. "நடக்கலைல்ல, அதுக்குத்தாண்டி" என்றாள்.