தொலைந்த ஆடுகளும் நாற்பத்தேழாம் குவெஸ்ட்டும்

1. முதல் நாளில் பதினோரு ஆடு

அம்பத்தூர் எஸ்டேட்டில் வண்டி உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் இருபத்திரண்டு வருடம் குவாலிட்டி இன்ஸ்பெக்டராக இருந்தேன். கம்பெனி ஒரகடம் பக்கம் போனது, நான் போகவில்லை. மேனாம்பேட்டிலிருந்து தினமும் அவ்வளவு தூரம் போய்வர என் முதுகு சம்மதிக்கவில்லை. வேறு வேலை தேடியபோது, அதே எஸ்டேட்டில், பழைய ஷெட் ஒன்றின் மாடியில், வீடியோ கேம் செய்கிறவர்களுக்கு டெஸ்டர் வேண்டும் என்றார்கள்.

முதலாளி ரஞ்சித்துக்கு முப்பத்து நாலு வயதுதான். என்னை ‘சார்’ என்றார். நானும் அவரை ‘சார்’ என்றேன். இன்றுவரை இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை.

“சார், கேம் ஆடியிருக்கீங்களா?”

“இல்ல சார்.”

“தப்பு கண்டுபிடிப்பீங்களா?”

“ஊட்ல கேட்டுப் பாருங்க சார்.”

அன்றே உட்கார வைத்துவிட்டார்கள்.

விளையாட்டின் கதை இது. ஒரு நாட்டின் ஆற்றை அரக்கன் ஒருவன் கட்டிப்போட்டுவிட்டான். நாடு வறண்டு கிடக்கிறது. நாம் ஒரு வீரன். போய் ஆற்றை மீட்க வேண்டும். நான் வாளோடு கிளம்பினேன். முதல் ஊர் எல்லையிலேயே ஒருவர் வழிமறித்து, “வீரனே, என் ஆட்டைக் காணோம்” என்றார். தேடிக் கொடுத்தேன். நன்றி சொல்லி ஒரு கேடயம் தந்தார். அடுத்த ஊரில் ஓர் அம்மாள். அவர் ஆட்டையும் காணோம். அதற்கடுத்த ஊரில் ஆடு பத்திரமாக இருந்தது, கோழியைக் காணோம். சாயங்காலத்துக்குள் பதினோரு ஆடு, நான்கு கோழி, ஒரு மூக்குத்தி கண்டுபிடித்துக் கொடுத்திருந்தேன். ஆறு அப்படியே கட்டிக் கிடந்தது.

பக்கத்து நாற்காலியில் புரோகிராமர் டில்லிபாபு. ஆவடிப் பையன். அவனிடம் கேட்டேன்: “ஏம்பா, இந்த நாட்ல ஒருத்தனும் ஆட்டைக் கட்டிப் போட மாட்டானா?”

“அண்ணாத்தே, அதெல்லாம் சைடு குவெஸ்ட்டு, வழியில வர்ற சின்னச் சின்ன வேலை. மெயின் கதை சோறுன்னா இது ஊறுகா. வேணும்னா தொட்டுக்கலாம், வேணான்னா வுட்டுடலாம்.”

“எத்தினி கீது?”

“நூறு.”

“நூறு ஊறுகா வச்சா எலையில சோத்தை எங்க நைனா வைப்பே?”

டில்லிபாபு திரும்பிப் பார்த்துவிட்டு, “இதெல்லாம் மெதுவா பேசுண்ணா. எழுதுனவங்க பின்னாடிதான் குந்திகினு கீறாங்க” என்றான்.

2. சிவப்பு ரிப்போர்ட்

எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு வேலை. பழைய கம்பெனியில் ஒவ்வொரு உருப்படிக்கும் ஒரு படிவம் போடுவோம். அதே மாதிரி ஒவ்வொரு குவெஸ்ட்டுக்கும் ஒன்று போட்டேன். சொன்னபடி வேலை செய்கிறதா? எவ்வளவு நேரம் எடுக்கிறது? கேட்கிற ஆளுக்குக் கேட்பதற்குக் காரணம் இருக்கிறதா? முடித்த பிறகு அந்த ஊரில் ஏதாவது மாறுகிறதா? கடைசிக் கட்டத்தில் பாஸ், ரீவொர்க், ரிஜெக்ட் என்று மூன்றில் ஒன்று.

இரண்டு வாரத்தில் நூறையும் முடித்தேன். பாஸ் ஒன்பது. ரீவொர்க் முப்பது. மீதி அறுபத்தொன்றும் ரிஜெக்ட். ரிஜெக்டுக்குச் சிவப்பு வண்ணம் அடித்து எல்லோரும் பார்க்கிற ஃபைலில் போட்டுவிட்டு, நிம்மதியாக டீ குடிக்கப் போனேன்.

திரும்பி வந்தபோது என் மேசை முன்னால் மலர்விழி நின்றிருந்தாள். குவெஸ்ட் எல்லாம் எழுதியவள் அவள்தான். திருநெல்வேலிப் பெண். கல்யாணத்துக்குப் பிறகு நூம்பலில் ஒரு ஃபிளாட்டில் குடியிருந்தாள்.

“அண்ணே, நாப்பதாவது குவெஸ்ட்டுக்கு நீங்க எழுதியிருக்கறத நீங்களே வாசிங்க.”

வாசித்தேன். ‘ஆட்டுக்குச் சொந்தக்காரரைவிட ஆடு நன்றாக நடித்திருக்கிறது.’

டில்லிபாபு சிரிப்பை அடக்க முடியாமல் மேசைக்குக் கீழே எதையோ தேடினான். மலர்விழி சிரிக்கவில்லை.

“போஸ்டர்ல நூறுன்னு போட்டாச்சுன்னு சார் சொன்னாவ. இருபது நாளுதான் குடுத்தாவ. ஒரு நாளைக்கு அஞ்சு கதை எழுதச் சொன்னா ஆடுதான்ணே தொலையும். வேற என்ன தொலையும்?”

அத்தனை வருடத்தில் நான் ரிஜெக்ட் செய்த எந்த நட்டும் போல்ட்டும் என் முன்னால் வந்து நின்று கண் கலங்கியதில்லை.

ரஞ்சித்திடம் போனேன். குறைத்துவிடலாம் என்றேன். அவர் தலையைப் பிடித்துக்கொண்டார். “சார், மூணு வாரத்துல பெங்களூர்லேர்ந்து கேமை வெளியிடற பப்ளிஷர் வராங்க. அவங்க எடுத்துக்கிட்டாதான் இந்த ஆபீஸ். இல்லன்னா நாம எட்டு பேரும் வேற வேலை பாத்துக்கணும். நூறுன்னு சொல்லிட்டு இப்ப நாப்பதுன்னா என்ன நினைப்பாங்க? ரிஜெக்டை விடுங்க. உடைஞ்சிருக்கறத மட்டும் சரிபண்ணச் சொல்லுங்க.”

உடைந்தவற்றின் பட்டியலில் முதலிடம் நாற்பத்தேழாம் குவெஸ்ட்டுக்கு.

3. மெதுவாக நடந்தவர்

நாற்பத்தேழில் பானை விற்கிற ஒருவர் வருவார். காட்டைத் தாண்டி ஒரு ஊருக்குப் போக வேண்டும், துணைக்கு வா என்பார். மூன்று நிமிட நடை. ஆனால் தலையில் சுமையோடு நடப்பதற்கான வேகத்தை டில்லிபாபு சரியாகக் கொடுக்காததால் அவர் எறும்பு மாதிரி நகர்ந்தார். நாம் முன்னால் போனால், நின்று அவருக்காகக் காத்திருக்க வேண்டும். ஸ்டாப் வாட்ச் வைத்துப் பார்த்தேன்: பதினோரு நிமிடம். ‘வேகம் தவறு. ஆடுபவர் எரிச்சலடைவார். உடனே சரிசெய்க’ என்று எழுதினேன். அவன் அரை மணி நேரத்தில் சரிசெய்தான். பானைக்காரர் சுமையோடு வீரனுக்குச் சமமாக ஓடினார். பாஸ் போட்டேன்.

பப்ளிஷர் வருவதற்கு ஒரு வாரம் முன்னால், சனிக்கிழமை காலை, ரஞ்சித் வெளியாட்களைக் கூப்பிட்டு ஆடவைத்தார். பெரும்பாலும் காலேஜ் பையன்கள். வேப்பம்பட்டிலிருந்து வந்த ஒருவன் தன் அக்காவையும் கூட்டிவந்திருந்தான். சுகன்யா என்று பெயர். ஆஸ்பத்திரியில் நர்ஸ், நைட் டியூட்டி முடித்துவிட்டு வந்திருந்தார். தம்பியை வீட்டுக்குக் கூட்டிப்போகக் காத்திருந்தவரை, ஒரு மெஷின் சும்மா இருக்கிறதே என்று ரஞ்சித் உட்கார வைத்தார்.

பையன்கள் ஆடு தேடும் குவெஸ்ட்டுகளைத் திறந்த வேகத்தில் மூடினார்கள். ஒருவன் கொட்டாவி விட்டான். ஒருவன் ஃபோனை எடுத்துவிட்டான். நான் பின்னால் நின்று குறித்துக்கொண்டிருந்தேன்.

திடீரென்று சுகன்யா சத்தமாக, “ஐயோ, சொல்லேன்யா! அதுக்குத்தானே வந்தே!” என்றார்.

அறை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அவர் நாக்கைக் கடித்துக்கொண்டு ஹெட்போனைக் கழற்றினார். திரையில் ஒரு வீட்டு வாசல். வாசலில் பானைக்காரர்.

“என்னாச்சும்மா?” என்றேன்.

“இந்த ஆளு சார். பொண்ணுகூட சண்ட போட்டு ரெண்டு வருஷமா பேசலையாம். வழியெல்லாம் ‘இன்னான்னு ஆரம்பிக்கட்டும், நல்லாக்கீறியான்னு கேட்டா கோச்சுக்குவாளா, மொதல்ல மன்னிப்பு கேட்டுட்டா’ன்னு எங்கிட்டயே ஒத்திகை பாத்துகினு வந்தாரு. ஊடு வந்து, பொண்ணு கதவைத் தொறக்குறா. இவரு என்ன கேக்குறாரு தெரியுமா? ‘பானை வேணுமா?’ங்கறாரு.”

பக்கத்துப் பையன், “எனக்கு அப்படி எதுவும் பேசலையே. அந்தாளு ஓடிப் போய்ட்டாரு” என்றான்.

டில்லிபாபு ஓடிவந்து சுகன்யாவின் மெஷினைப் பார்த்தான். அதில் மட்டும் பழைய பதிப்பு கிடந்தது. புதிதை ஏற்ற மறந்திருக்கிறான். என் காதருகே குனிந்தான். “அண்ணாத்தே, நீ டிஃபெக்ட்டுன்னு எழுதுனியே, அது தான் இது. அந்தாளு மெதுவா நடந்தாதான் பேசி முடிக்க டைம் கீது. நாம ஓட வுட்டதுல பேச்சு பாதியில கட்டாயிடுது.”

“நான் கேட்டதே இல்லையேப்பா.”

“எப்படி கேப்பே? நீ ஹெட்போனே மாட்ட மாட்டியே!”

உண்மைதான். இருபத்திரண்டு வருடம் தகடு அடிக்கிற பவர் பிரஸ் பக்கத்தில் வேலை பார்த்தவன். சத்தத்தைக் காதில் வாங்காமல் இருப்பது எனக்குத் தொழில் பழக்கம். பதினோரு நிமிடமும் நான் பார்த்துக்கொண்டிருந்தது ஸ்டாப் வாட்சை. ஒரு மனிதன் தன் மகளிடம் என்ன பேசுவது என்று தவித்துக்கொண்டு என்னோடு நடந்திருக்கிறான். நான் அவனுக்கு ‘வேகம் தவறு’ என்று எழுதியிருக்கிறேன்.

அன்று மத்தியானம் எல்லோரும் போன பிறகு ஹெட்போனை மாட்டிக்கொண்டு, பழைய பதிப்பில், காட்டை முழுவதும் கடந்தேன். குரல் டில்லிபாபுவின் மாமாவுடையது. ஆட்டோ ஓட்டுகிறவர், தற்காலிகமாகப் பேசிக் கொடுத்தது. ராஜா காலத்துப் பானைக்காரர் ஆவடி ஆட்டோ ஸ்டேண்டுத் தமிழில் பேசுகிறாரே என்று சிரித்துக்கொண்டேதான் ஆரம்பித்தேன். வாசலில் மகள் ஒரு பானையை வாங்கிக்கொண்டபோது சிரிப்பு இல்லை.

4. போஸ்டர்

திங்கட்கிழமை கூட்டத்தில் நானே முதலில் பேசினேன். “நாப்பத்தேழுல நான் செஞ்சது தப்பு. மலர்விழிகிட்ட மன்னிப்பு கேக்குறேன். ஆனா ஆடு விஷயத்துல நான் சொன்னது சரி.”

மலர்விழி என்னைப் பார்த்தாள். “சரிதாம்ணே. நாப்பத்தேழு எழுதுன அன்னைக்கு அது ஒண்ணுதான் எழுதுனேன். மீதி நாலையும் மறுநாள் பஸ்ல எழுதுனேன். ரொம்ப நீளம், வெட்டணும்னு தெரியும். வெட்ட மனசு வரல.”

“சார், அந்த மாதிரி இன்னும் எத்தனை எழுத முடியும்னு கேளுங்க” என்றேன் ரஞ்சித்திடம்.

“ஒரு வாரத்துல நாலு. இருக்கறதுல பதினெட்டைச் சரி பண்ணலாம். மிச்சத்தைத் தூக்கிரணும்” என்றாள்.

“இருபத்திரண்டா! போஸ்டர்ல நூறும்மா!”

டில்லிபாபு கையைத் தூக்கினான். “சார், போஸ்டரை மாத்த பத்து நிமிஷம். நூறையும் நல்லா பண்ண ஆறு மாசம். எது ஈஸி?”

ரஞ்சித் குவெஸ்ட் பட்டியலை மேலிருந்து கீழே ஒருமுறை படித்தார். பிறகு, “ஆட்டுல ஒண்ணையாவது வச்சுக்கலாமா?” என்றார். அவருக்கும் ஏதோ ஓர் ஆட்டின் மேல் பாசம் இருந்திருக்கிறது. வைத்துக்கொண்டோம்.

அந்த வாரம் மலர்விழி எழுத எழுத நான் ஆடினேன். ஹெட்போனோடுதான். பானைக்காரர் மறுபடி மெதுவாக நடந்தார். காத்திருக்கும் வீரன் உட்கார்ந்துகொள்ள வழியோரம் ஒரு கல்லை மட்டும் டில்லிபாபு சேர்த்தான்.

பெங்களூரிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். அதில் ஒரு பெண், கண்ணாடி போட்டவர், ஆடிக்கொண்டே கேட்டார்: “டோட்டலா எத்தனை சைடு குவெஸ்ட்?”

ரஞ்சித் சொன்னார்: “இருபத்திரண்டு.”

“அப்பாடா. போன வாரம் ஒண்ணு பாத்தோம், முந்நூறு. எங்க டீம்ல ஒரு பையன் லீவ் போட்டுட்டான்.” சொல்லிவிட்டு அவர் பானைக்காரரோடு கிளம்பினார். நடு வழியில் கல்லில் உட்கார்ந்தார். எழுந்திருக்க அவசரப்படவில்லை. நாங்கள் எட்டு பேரும் பின்னால் நின்றோம்.

எடுத்துக்கொண்டார்கள். விளையாட்டு ஒன்றும் உலகத்தைப் புரட்டவில்லை. ஆனால் ஷெட்டின் மாடி பூட்டப்படவில்லை. நாங்கள் இப்போது இரண்டாவது விளையாட்டைச் செய்துகொண்டிருக்கிறோம்.

5. கற்றது

கேம் வெளிவந்த வாரம் மலர்விழியின் அப்பா ஊரிலிருந்து வந்திருந்தார். அவள் கல்யாணத்துக்கு அவர் வரவில்லை என்பது எனக்கு அப்போதுதான் தெரியும். நாற்பத்தேழை அவரை உட்கார வைத்து ஆடிக் காட்டினாளாம். வாசல் வரை முழுவதும் பார்த்தாராம்.

“என்ன சொன்னாரும்மா?”

“‘பானையைத் தட்டிப் பாத்துத்தான வாங்குனா அந்தப் பிள்ளை?’ன்னு கேட்டாவண்ணே. கேட்டுட்டு மொட்டைமாடிக்குப் போய்ட்டாவ. வர அரை மணி நேரமாச்சு.”

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்ல ஒன்றுதான் உண்டு. தப்பு கண்டுபிடிப்பது சுலபம். என் மாதிரி ஆளே முதல் நாளில் பதினோரு ஆடு கண்டுபிடித்தான். எது தப்பில்லை என்று தெரிந்துகொள்ளத்தான் கூடுதல் நேரம் வேண்டும். அதனால் புதிய குவெஸ்ட் வந்தால் முதல் நாள் நான் பேனாவைத் தொடுவதில்லை. எழுதியவர் யாருக்காக எழுதினாரோ அந்த ஆளைப் போல உட்கார்ந்து, சும்மா ஆடுகிறேன்.

அண்ணாத்தே ஆபீஸ் டைம்ல வெளையாடிகினு கீறாரு என்று டில்லிபாபு எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறான். மறுக்க முடியவில்லை. உண்மையிலேயே நன்றாக இருக்கிறது.