வேண்டுமென்றே வைத்த ஓட்டைகள்

மின்னணுச் சிப்புக்குப் படம் வரையும் வேலைக்கு வருமுன் அவள் வீடுகளுக்குப் பிளான் போட்டுக்கொண்டிருந்தாள். அங்கே கூரையில் ஓட்டை வைத்தால் அடிக்க வருவார்கள். இங்கே ஓட்டை வைக்கத்தான் சம்பளம். யாராவது விசாரித்தால், "கம்ப்யூட்டர்ல பள்ளம் தோண்டுறா" என்பார் அவள் கணவர். பொய்யில்லை.

அவள் வரைந்தது காற்றின் வேகத்தை அளக்கும் சிப். சாதாரண சிப் செய்கிற தொழிற்சாலையே அதற்குப் போதும். சிலிக்கான் மேல் கண்ணாடியும் உலோகமும் அடுக்கடுக்காகப் படியும். அந்த அடுக்குகளில் அவள் ஓட்டைகள் விட்டிருந்தாள். சிப் திரும்பி வந்ததும் அரிக்கும் திரவத்தில் போட்டால், அது ஓட்டை வழியே இறங்கி அடியிலுள்ள சிலிக்கானை மட்டும் தின்னும். கடுகளவுகூட இல்லாத தகடு ஒன்று, நாலு கைகளோடு, பள்ளத்தின் மேல் தொங்கும். மின்சாரத்தில் சூடாகும் அந்தத் தகட்டைக் காற்று எவ்வளவு ஆற்றுகிறது என்பதை வைத்து அதன் வேகம் தெரியும்.

சரிபார்க்கும் மென்பொருளுக்கு இதெல்லாம் புரியாது. ஓட்டையைக் கண்டாலே பிழை என்று சிவப்புப் புள்ளி வைக்கும். திரைக்கு அம்மை போட்டதுபோல் இருந்தது. சிரித்துவிட்டுத் தொழிற்சாலைக்கு அனுப்பிவைத்தாள்.

மறுநாள் அங்கே படங்களைச் சரிபார்க்கும் ஆய்வாளர் போன் செய்தார். "மேடம், உங்க படத்துல ஏகப்பட்ட தப்பு. ஓட்டையையெல்லாம் நாங்களே அடைச்சிடவா?"

அன்று சாயங்காலத்தோடு தொழிற்சாலையில் படம் வாங்குவதை நிறுத்திவிடுவார்கள். இந்தத் தடவை சிப் வேலை செய்யாவிட்டால் இந்தத் திட்டத்தையே மூட்டை கட்டிவிடுவதாக முதலாளி சொல்லியிருந்தார்.

"ஐயையோ, தொடாதீங்க சார். தெரிஞ்சே வச்சதுதான்."

"எல்லாமேவா?"

"எல்லாமே." கொஞ்சம் கெத்தாகவே சொன்னாள்.

"இடது மூலையில ரெண்டு கம்பி இடைவெளியே இல்லாம நெருங்கி நிக்குதே, அதுவுமா?"

திரையைப் பெரிதாக்கிப் பார்த்தாள். நெருங்கித்தான் நின்றன. அவளே வைத்த சிவப்புக் கூட்டத்துக்குள் அசல் தப்பு ஒன்று சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்தது. அப்படியே போயிருந்தால் கம்பிகள் ஒட்டிக்கொண்டிருக்கும். தகடு அழகாகத் தொங்கும், எதையும் அளக்காது. வெட்கத்தில் அவளுக்குக் காது வரை சூடேறியது.

"இல்ல சார், அது என் தப்பு. இப்பவே திருத்தி அனுப்புறேன்."

"அனுப்புங்க. மத்ததை நான் தொடமாட்டேன்." அவர் சிரிப்பது கேட்டது. முகம் தெரியாத அந்த மனிதரை அவளுக்கு ரொம்பவே பிடித்துப்போனது.

சில மாதம் கழித்துச் சிப் வந்தது. திரவத்தில் போட்டெடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்தாள். தகடு தொங்கியது. மின்சாரம் கொடுத்து லேசாக ஊதினாள். மீட்டரில் எண் சடாரென்று இறங்கியது. முதலாளியும் ஊதிப் பார்த்தார். நம்பாமல் இன்னொரு தரம் ஊதினார். "அடுத்த படத்தை எப்போம்மா அனுப்பலாம்?" என்றார்.

அவள் உடனே ஆய்வாளருக்குப் போன் போட்டாள்.

"சார், வேலை செய்யுது. அடுத்த படமும் வரப்போகுது. சிவப்பு நிறைய இருக்கும், ஒண்ணு விடாம பாருங்க."