எட்டாம் நம்பர் வாழ்த்து

போன செவ்வாய்க்கிழமை எங்கள் பொம்மிடியில் காதர் பாய்க்குப் பூப்போட்ட உறையில் ஒரு தந்தி வந்தது. பிள்ளை பிறந்ததற்கு மனமார்ந்த வாழ்த்து!

பாய்க்கு ஐம்பதைத் தாண்டிவிட்டது. கடைசி மகளுக்கே நிக்காஹ் முடிந்தாயிற்று.

இங்கிலீஷைப் படித்துச் சொன்னவன் நான்தான். பாயின் டிரங்குப் பெட்டிக் கடை முன்னால் நின்றவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். எதிர்க்கடை டீ மாஸ்டர் விடுவாரா?

"என்னங்க பாய், சொல்லவேயில்லீங்களே! வூட்ல தொட்டில் கட்டியாச்சுங்களா?"

பாய் சிரிக்கவில்லை. "அனுப்புனது யாருன்னு போட்டிருக்குதுங்க?"

"நூர்ஜான்."

பெயிண்ட் பிரஷைக் கீழே வைத்தார். எடுத்தார். மறுபடியும் வைத்தார்.

இங்கே உங்களைக் கொஞ்சம் பின்னால் கூட்டிப் போகவேண்டும்.

இரண்டு வாரம் முன்பு, சேலத்து நண்பரின் மகள் கல்யாணத்துக்குத் தந்தி கொடுக்கப் போயிருந்தேன். தபாலாபீஸ் சுவரில் ஒரு பலகை தொங்குமே, பார்த்திருப்பீர்கள் — இடப்பக்கம் நம்பர், வலப்பக்கம் வாழ்த்து. இரண்டு என்றால் ஈத். எட்டு என்றால் கல்யாணம். கம்பியில் ஓடுவது வெறும் எண்தான். அந்த முனையில் இருப்பவர் அதே பட்டியலைப் பார்த்து, எண்ணை வாழ்த்தாக விரித்து எழுதிக் கொடுப்பார். வார்த்தையை வைத்துப் பிழைக்கிற நானே "எட்டு" என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன். வெட்கம்தான்... என்ன செய்ய?

பின்னால் காதர் பாய், பலகையை அண்ணாந்து பார்த்தபடி.

"ஒவ்வொண்ணா படிங்களேன்."

படித்தேன். பரீட்சையில் ஜெயித்தவருக்கு, தேர்தலில் ஜெயித்தவருக்கு, பயணம் போகிறவருக்கு, பிள்ளை பெற்றவருக்கு... கடைசி வரி வரைக்கும் கேட்டார்.

"கோவம் போயிருச்சுன்னு சொல்றதுக்கு நம்பர் இல்லீங்களா?"

யாருக்கு என்று எனக்குப் புரிந்தது.

நூர்ஜான் அவருடைய ஒரே தங்கை. பெங்களூர் மெக்கானிக் ஒருவரைத் தன் இஷ்டத்துக்குக் கட்டிக்கொண்டவள். இந்தப் பக்கத்தில் எந்தப் பெண் புருஷன் வீட்டுக்குப் போனாலும், பாய் கையால் ரோஜாப்பூ வரைந்த பெட்டி கூடவே போகும். தங்கைக்கு மட்டும் போகவில்லை. பாயும் போகவில்லை. அதோடு பேச்சும் நின்றுபோனது.

"கடுதாசி போடலாமேங்க பாய்?" என்றார் கவுன்ட்டர்காரர்.

"எழுத உக்காந்தா பழசெல்லாம் வந்துருதுங்க. நம்பருன்னா அதோட நின்னுரும். எட்டே போடுங்க."

"யாருக்குங்க கல்யாணம்?"

"எந் தங்கச்சிக்கு."

"என்னைக்குங்க?"

"ஆச்சுங்க... ஏழு வருசம்."

கவுன்ட்டர்காரர் சிரிக்காமல் எழுதிக்கொண்டார். அதற்காகவே அவரைப் பிடிக்கும்.

அதன்பிறகு தெருவில் எந்த சைக்கிள் மணி கேட்டாலும் பாயின் பிரஷ் நின்றுவிடும். வீடு மாறியிருப்பாளோ? கிழித்துப் போட்டிருப்பாளோ? என்னைப் பார்க்கும்போதெல்லாம் ஒரே கேள்வி — "சரியான நம்பருதானுங்களே போட்டோம்?"

அதற்கு வந்த பதில்தான் இந்தத் தந்தி.

"உங்க தங்கச்சி நம்பரை மாத்திக் குடுத்துருச்சுங்க," என்றார் டீ மாஸ்டர். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

பாய் தலையை ஆட்டினார். "இல்லீங்க. அவளுக்குக் கொழந்த பொறந்திருக்குது. 'எனக்குப் பொறந்திருக்குது'ன்னு சொல்ல அந்தப் பலகைல ஏதுங்க நம்பர்? வாழ்த்துறவங்களுக்குத்தானே வெச்சிருக்காங்க. அதான், இருக்கறத எடுத்து எனக்கே போட்டுட்டா."

தந்தியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

"தப்பும் இல்லீங்களே... மாமன் ஆயிட்டேன்ல? எனக்கும் வாழ்த்து சொல்லணுமில்ல?"

கண்ணைத் துடைத்த கையில் ரோஜா நிறப் பெயிண்ட். கன்னமெல்லாம் அப்பிக்கொண்டது. டீ மாஸ்டர் தன் கடைக்குப் போய், கேட்காமலே ஒரு டீ கொண்டுவந்து வைத்தார்.

நாம் வார்த்தை தேடியே வருஷக்கணக்கில் பேசாமல் இருந்துவிடுகிறோம். சரியான வார்த்தை என்று ஒன்று உண்டா என்ன? தோதில்லாத நம்பரை ஒருவர் அனுப்ப, அதைவிடத் தோதில்லாத நம்பரை இன்னொருவர் அனுப்ப... கடைசியில் விஷயம் போய்ச் சேர்ந்துவிட்டதே!

மறுநாள் காலை, பெங்களூருக்குக் கிளம்பி நின்றவரை ஸ்டேஷனில் பார்த்தேன். பாயின் காலடியில் ரோஜாப்பூப் போட்ட பெரிய பெட்டி. அதன்மேல் முழ நீளத்தில் ஒரு குட்டிப் பெட்டி — ஒரு பக்கம் பூ, மறுபக்கம் ரயில் வண்டி.

"ஆணா பொண்ணான்னு நம்பர்ல தெரியலீங்களே..." என்றார். "அதான், ரெண்டும்."

பெயிண்ட் இன்னும் காயவில்லை. ஜோலார்பேட்டை வண்டியில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தவரின் வேட்டிக்கு நான் பொறுப்பல்ல.