பரண்மேல் ஏறிய டோலக்கு

பிள்ளைகளா, அரையாண்டு லீவில் உங்கள் டோலக்கைப் பிடுங்கிப் பரண்மேல் வைத்தேனே, அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். வாயால் சொல்ல உட்கார்ந்தால் பாதியிலேயே எனக்குக் கோபம் வந்துவிடும்.

பள்ளிக்கூடத்தில் ஆளுக்கொரு தாள் கொடுத்துவிட்டார்கள். தினமும் நன்றி சொல்ல ஒரு விஷயம் எழுத வேண்டும். லீவு முடிந்ததும் அடியில் வீட்டில் ஒருவர் கையெழுத்து. எட்டாவதோடு நின்றவன் நான். எனக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது. ஆனால் நீங்கள் என்ன எழுதினீர்கள்? முதல் நாள் சூரியனுக்கு நன்றி. மறுநாளும் சூரியனுக்கு நன்றி. அந்த வாரம் முழுக்க இங்கே பனிமூட்டம். சூரியன் தலையே காட்டவில்லை. காட்டுமாடு வேறு இறங்கி கேரட் பாத்தியை மிதித்துப் போட்டிருந்தது.

"ஏலே, மனசுல இருந்து எழுதுங்க. அதுவரைக்கும் டோலக்கு பரண்லயே கெடக்கட்டும்" என்றேன்.

அது உங்கள் மாமா பழனியிலிருந்து வாங்கிவந்தது. பனிக்குத் தோல் தொய்ந்துவிடும். அடுப்போரம் காட்டிச் சூடேற்றித்தான் அடிப்பீர்கள். அந்தச் சத்தம் எனக்கு ஆகாது என்பதும் உண்மை.

பெரியவளே, நீ கேட்டாய்: "நீங்க ஒண்ணு சொல்லுங்கப்பா, பாப்போம்."

யோசித்தேன். பனி, மாடு, கிணற்றில் ஓடாத மோட்டார், இவைதான் வந்தன. "சோறு ஆறுது, வெரசா தின்னுங்க" என்றேன்.

லீவின் கடைசி நாள் கேரட் மூட்டைகளோடு வத்தலக்குண்டு சந்தைக்குப் போய்ச் சாயங்காலம் திரும்பினேன். சின்னவனே, உன் தாளில் புது வரி இருந்தது: 'இன்று அப்பா வீட்டில் இல்லை. அதற்கு நன்றி. அம்மா டோலக்கை எடுத்துத் தந்தார்கள். அம்மாவும் பாடினார்கள்.'

"அழிலே இத! வேற எழுது."

"நீங்கதான மனசுல இருந்து எழுதச் சொன்னீங்க?"

உங்கள் அம்மா முந்தானையால் வாயைப் பொத்தினாள்.

"என்ன சிரிப்பு?"

"சிரிக்கலங்க. இருமல்."

டோலக்கை மறுபடியும் பரணில் ஏற்றினேன். கையெழுத்துப் போட மாட்டேன் என்றும் சொல்லிவிட்டேன். உங்கள் அம்மா பாடுவாள் என்பதே எனக்குத் தெரியாது. இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்துவிட்டு, அதை ஒரு பள்ளிக்கூடத் தாளில் படித்துத் தெரிந்துகொள்கிறேன். கோபத்தில் பாதி அதற்குத்தான்.

மறுநாள் காலையில் பள்ளிக்கூட பஸ் ஹாரன் கேட்டது. "கையெழுத்து இல்லாட்டி மிஸ் நிக்க வச்சிருவாங்கப்பா" என்றாய், சின்னவனே.

"அழி, போடுறேன்."

"அழிக்க மாட்டேன்."

கண்ணில் தண்ணீர் முட்டியும் நீ தாளை இறுக்கிப் பிடித்திருந்தாய். மறுபடி ஹாரன். வாங்கிப் போட்டேன். அழுத்திய அழுத்தில் பேனா தாளைக் கிழித்துவிடப் பார்த்தது. நன்றி சொல்லாமலே ஓடினாய். அதற்கும் எனக்கு எரிச்சல்.

அம்மாவும் தோட்டத்துக்குப் போன பிறகு டோலக்கை இறக்கினேன். தோல் தொளதொளவென்று இருந்தது. அடுப்பில் மிச்சமிருந்த கங்குக்கு எதிரே பிடித்து, விரலால் தட்டினேன். மந்தமாகக் கேட்டது. இன்னும் கொஞ்சம் காட்டித் தட்டினேன். பிறகு, சின்னவனே, உனக்குக் கை எட்டும் ஆணியில் மாட்டிவிட்டு மாடு மிதித்த பாத்தியைப் பார்க்கப் போனேன்.